நீக்கச் சொன்ன ஆப்ஷன்

கர்னல், அதாவது கருவிக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள், அதை டெஸ்ட் செய்யும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நயமாகச் சொல்ல எனக்கு வராது.

1. போலி சென்சார்

வாளையார் பக்கத்தில் எங்கள் ஆபீஸ். தேயிலை எஸ்டேட்டுகளுக்கு யானை எச்சரிக்கை விளக்கு செய்தோம். பாதையில் யானை நின்றால் சென்சார் கண்டுபிடிக்கும், கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். எரியாவிட்டால் ஆட்கள் வேலைக்கு நடப்பார்கள்.

டெஸ்டுக்கு யானையைக் கூட்டிவர முடியாது. அதனால் எங்கள் டீமில் இருந்த ஜெசி ஒரு சிமுலேஷன் டிரைவர் எழுதினாள். சென்சாரே இல்லாமல், இருப்பதாகக் கர்னலை நம்பவைக்கும் புரோகிராம் அது. கான்ஃபிக் ஃபைலில் ஒரு ஆப்ஷனை மாற்றினால் எந்தக் கோளாறையும் வரவழைக்கலாம். ஜெசிக்கு ஊர் சின்னக்கானல். அப்பா அங்கே எஸ்டேட் தொழிலாளி. அவள் எழுதிய கோடைப் படித்து ரிவ்யூ செய்தது நான். ஒரு இடத்தில் நிறுத்திக் கேட்டேன்:

"லாக்கைப் போட்டுட்டு எடுக்காமயே வெளிய போறயே. ஊட்லயும் ஆளை உள்ள வெச்சுப் பூட்டீட்டுத்தான் வருவியா?"

"எங்க லைன் வீட்டுக்குப் பூட்டே கிடையாதுண்ணே" என்று சிரித்தாள். திருத்திவிட்டாள்.

அவள் வைத்த ஆப்ஷன்களில் ஒன்று 'ஸ்டக்'. அதைப் போட்டால், யானை வந்த பிறகும் சென்சார் 'யானை இல்லை' என்ற பழைய மதிப்பையே தந்துகொண்டிருக்கும். போட்டுப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை. டெஸ்ட் ஃபெயில்.

2. டெமோ

எம்.டி. வந்தார். "ஏனுங்க, டெமோல எல்லா டெஸ்டும் பாஸாகிப் பச்சையா வரோணும். அந்த ஸ்டக்கைத் தூக்கீருங்க."

ஜெசி விடவில்லை. "சார், மஞ்சு எறங்கி ஈரம் புகுந்தா இது கட்டாயம் நடக்கும். செத்த சென்சாருன்னா தெரிஞ்சிரும். இது உசுரோட இருந்து பொய் சொல்லும் சார்."

"நாமளே கோளாறு பண்ணி நாமளே ஃபெயிலாகறதா? நல்லா இருக்குதும்மா உன்ற நாயம்."

அப்ரூவ் பண்ண மாட்டேன் என்றேன். அவரே அப்ரூவ் செய்துகொண்டார். ஆப்ஷன் போனது, டெஸ்டும் போனது. கோளாறு மட்டும் அங்கேயே இருந்தது. டெமோவில் கைதட்டினார்கள். எஸ்டேட்டுகளில் கம்பம் நட்டார்கள், ஜெசியின் ஊரிலும்.

3. சின்னக்கானல்

மழைக்காலத்தில் ஒரு காலை, ஜெசியின் அப்பா வேலைக்குக் கிளம்பினார். பனிமூட்டத்தில் பாதை தெரியவில்லை. கம்பத்தைப் பார்த்தார், சிவப்பு இல்லை. நடந்தார். யானை பாதையில்தான் நின்றது.

கழற்றிப் பார்த்தபோது சென்சாருக்குள் ஈரம். பழைய மதிப்பிலேயே நின்றிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எம்.டி. "விதிங்க. யாரு என்ன பண்ண முடியும்?" என்றார்.

"விதியுமில்ல மசுருமில்ல. நீங்க தூக்கச் சொன்னதுங்க" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெசி என் கையைப் பிடித்தாள். "அண்ணே, இங்க வேணாம். அப்பா படுத்திருக்காரு."

லீவு முடிந்து வந்தவள் அந்த ஆப்ஷனை மறுபடி ரிவ்யூவுக்கு அனுப்பினாள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏன் என்று காரணம் எழுதுவது எங்கள் வழக்கம். அவள் எழுதியது ஒரே வரி: "ஈரத்தில் சென்சார் பழைய மதிப்பிலேயே நிற்கிறது." அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எதிலும் குற்றம் பார்க்கிற நான் எதுவும் கேட்கவில்லை. அப்ரூவ் செய்தேன். டெஸ்ட் ஃபெயிலானது. பிறகு கர்னல் பக்கம் திருத்தினோம். இப்போது மதிப்பு அசையாமல் நின்றால் சிவப்பு எரிகிறது. அவருக்கு அது எரியவில்லை.

டெஸ்ட் ஃபெயிலானால் டெஸ்டைத் தூக்கச் சொல்வார்கள். தூக்காதீர்கள். அது எங்கேயாவது ஃபெயிலாகத்தான் போகிறது. ஆபீஸிலேயே ஆகட்டும்.