ஆஸ்கருக்கு வைத்த விருந்து

பொதுமக்கள் கவனத்துக்கு: எங்கள் வீட்டுத் தொட்டியின் மாமன்னர் ஆஸ்கர் மீனுக்கு இன்று உயிர்மீன் விருந்து அளிக்கப்பட்டது.

வயலுக்கு முறை வைத்துத் திறந்துவிடும் முறைத்தண்ணீர் வாய்க்காலில் நின்றுபோனதும் பள்ளத்தில் சிக்கிக் கிடந்த ஐந்து கெண்டைக் குஞ்சுகளை நானே பிடித்து வந்தேன்.

"பாவம்டா," என்றாள் அக்கா.

"அங்கயே கிடந்தா கொக்கு தின்னும். ஆஸ்கர் தின்னா மட்டும் பாவமா?"

"கொக்குக்கு வேற சோறு இல்ல. உன் மீனுக்கு டப்பா டப்பாவா தீனி இருக்கு. நீ வீடியோவுக்குத்தானே விடுற?"

"இயற்கையோட விதி, அக்கா!" என்று ஐந்தையும் தொட்டியில் கொட்டினேன்.

அஞ்சும் காலி என்று, பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்ட அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

உண்மையில் முதல் குஞ்சு வாய்க்குள் போனதுமே ஃபோனைக் கீழே போட்டுவிட்டு வலையை எடுத்துவிட்டேன். மீதி நாலும் மொட்டைமாடி வாளியில் நீந்துகின்றன.

அக்காவிடம் போட்டுக்கொடுக்காமல், வாய்க்காலில் அடுத்த முறைத்தண்ணீர் எப்போது வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.