இருட்டில் தெரியும் சிவப்பு

மலேசியாவில், சுங்கை பட்டாணியில் இரும்புக் கட்டிலும் நாற்காலியும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வெல்டிங் வேலை பார்த்தேன். அது மூடப்பட்டபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் சிடாம் கிரிப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தைச் சுற்றுலா இடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள், ரப்பர் பால் கொட்டகை, புகைவீடு எல்லாவற்றையும் பழையபடி எழுப்பிவிட்டு, அந்தக் கால வேலைகளை வருகிறவர்கள் முன்னால் செய்து காட்ட ஆள் தேடினார்கள். நான் போய்ப் பார்த்தபோது, பலகாரம் சுட்டுக் காட்டுகிறீர்களா, பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிக் காட்டுகிறீர்களா என்று கேட்டார்கள். கொல்லுப் பட்டறைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டேன்.

இடத்தை நிர்வகித்தவர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. எல்லோரும் அவரை, அம்மா என்பது போல மலாயில் புவான் என்றுதான் கூப்பிடுவோம். கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்தார். தீக்காயத் தழும்புகள் அவருக்குப் போதுமான சிபாரிசாக இருந்திருக்க வேண்டும். மெர்கோங்கில் கடைவரிசைக்குப் பின்னால் புதர் வெட்டும் பாராங் கத்தி அடிக்கும் ஒருவரிடம் பழகிக்கொள்ள அனுப்பினார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும். அதிகம் பேச மாட்டார். இரும்பு எனக்குப் புதிதில்லை என்பதால் சுத்தியலின் போக்கு சீக்கிரம் பிடிபட்டது. லோரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, உலையில் காய்ச்சி, அடித்து நீட்டி, மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கத்தி இறுகிவிடும். நான் அங்கே அடித்த கத்திகளில் ஒன்றுகூட உடையவில்லை.

தோட்டத்துக்குத் திரும்பி வந்து வேலையை ஆரம்பித்தேன். துருத்தி போட ஓர் அக்கா இருந்தார். கரங்கானில் செம்பனைத் தோட்டத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்தவர். காலையில் வந்ததும் அவர் சுத்தியல் விழும் பட்டடைக்கு விபூதி பூசுவார், நான் சிலுவை போட்டுக்கொள்வேன், பிறகு உலையைப் பற்றவைப்போம். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அதிகம் என்பதால் நான் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்கு மாறிவிட்டேன்.

முதல் காட்சியில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று, எண்ணெயில் தோய்க்கும்வரை. கத்தி எண்ணெய்க்குள் இறங்கியதும் ‘டிங்’ என்று மெல்லிய சத்தம் கேட்டது. யாருக்கும் அது காதில் விழுந்திருக்காது. எனக்கு விழுந்தது. வெளியே எடுத்துத் துடைத்தபோது, விளிம்பிலிருந்து நடுவரைக்கும் தலைமுடி போல ஒரு கோடு. பட்டடையில் லேசாகத் தட்டினேன். இரண்டாக விழுந்தது.

கூட்டத்தில் ஒருவர், “பாசார்ல வாங்கிக்கலாம் லா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த நாளும் உடைந்தது. அதற்கடுத்து ஒன்று உடையாமல் தப்பித்தது, ஆனால் வெட்டிக் காட்ட மூங்கிலில் போட்டதும் முனை பெயர்ந்துவிட்டது. எண்ணெயை மாற்றினேன். கரியை மாற்றினேன். வேறு லோரியின் பட்டையைத் தேடி வாங்கினேன். மெர்கோங்கில் சரியாக வந்தது இங்கே ஏன் வரவில்லை என்று சமைக்கும்போதும், குளிக்கும்போதும், பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் யோசித்தேன். அக்கா தன் பங்குக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை உலை வாசலில் வெட்டி வைத்தார். அதற்கும் கத்தி அசரவில்லை.

ஒரு நாள் புவான் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. குளிர்ந்த தண்ணீர் போத்தல் ஒன்றைத் திறந்து கொடுத்தார். தயாரான கத்தி ஒன்றை எண்ணெய் வாளிக்குள் முன்கூட்டியே போட்டு வைத்துவிடலாம், சூடான கத்தியை உள்ளே விட்டுவிட்டு நல்ல கத்தியை வெளியே எடுத்துக் காட்டலாம், வருகிறவர்களுக்கு எது எது என்று தெரியவா போகிறது என்று கேட்டார். பள்ளி விடுமுறைக்கு அலோர் ஸ்டாரிலிருந்து பெரிய குழு வரப் போவதாகவும், அவர்கள் முன்னால் கத்தி உடையக் கூடாது என்றும் சொன்னார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் உடைந்த இரும்பைப் பார்க்க வரவில்லை.

முடியாது என்று மலாயில் சொன்னேன். ஏன் என்று கேட்டார். உடைந்தால் உடைந்தது என்று காட்டுகிறேன், மாற்றி எடுத்துக் காட்டத்தான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அந்தக் குழு வரும்வரைக்கும் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். “நீ எதுக்கு அப்படிச் சொன்ன? கொஞ்சம் தணிஞ்சு போயிருக்கலாம்ல?” என்று கேட்டுவிட்டு, அவரே கரி மூட்டையை இழுத்து வந்து உலைப் பக்கத்தில் போட்டார்.

சில நாள் கழித்து மதியத்திலேயே வானம் கறுத்துப் பெரிய மழை பிடித்தது. பட்டறைக்குள் ஒதுங்கிய குடும்பம் ஒன்றைத் தவிர வேறு யாரும் இல்லை. அவர்களுக்காக ஒரு கத்தியைக் காய்ச்சினேன். அது சிவந்து வருவதைப் பார்த்தபோது, இது முன்பைவிட வேகமாகச் சிவக்கிறதே என்று தோன்றியது. சீக்கிரமே எடுத்துத் தோய்த்தேன். சத்தம் வரவில்லை. அரத்தை வைத்துத் தேய்த்தேன். கண்ணாடியில் தேய்த்த மாதிரி வழுக்கியது. கத்தி இறுகிவிட்டது.

மறுநாள் நல்ல வெயில். அதே பட்டை, அதே எண்ணெய். உடைந்தது.

துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். பட்டறைக்குக் கூரை போட்டவர்கள், படம் நன்றாக விழ வேண்டும் என்று ஒளி ஊடுருவும் தகடுகளைப் பதித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சுவர் கிடையாது. மெர்கோங் பட்டறையில் ஒரு சன்னல்தான், அதுவும் கரி படிந்தது. பளீரென்ற வெளிச்சத்தில் சிவந்த இரும்பு சிவப்பாகத் தெரிவதில்லை. இன்னும் சூடு ஏறவில்லை என்று நினைத்து நான் அதை அளவுக்கு மீறிக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மெர்கோங்கிலிருந்து வந்த முதல் நாளிலிருந்தே இந்த வெளிச்சம் என் கண்ணைக் கட்டியிருக்கிறது.

புவானிடம் போய்க் கூரையை மறைக்க வேண்டும் என்றேன். கூரை புதிது, இருட்டாக இருந்தால் யாரும் படம் எடுக்க மாட்டார்கள், படம் எடுக்காவிட்டால் அடுத்தவர்கள் வர மாட்டார்கள் என்றார். என் கணவர் லோரி ஓட்டுகிறவர். சரக்கை மூடும் அவருடைய பழைய கேன்வாஸ் ஒன்று வீட்டுக்குப் பின்னால் கிடந்தது. விடுமுறைக் குழு வரும் நாளன்று விடிந்ததும் அதைக் கொண்டுவந்து, அக்காவும் நானும் ஏணி போட்டுக் கட்டினோம். மிஞ்சிய பக்கங்களுக்கு அக்கா உரச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து எடுத்து வந்திருந்தார்.

புவான் குழுவை அழைத்து வந்தபோது அதைப் பார்த்தார். முகம் இறுகியது. விருந்தாளிகளை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தார்.

உள்ளே நுழைந்தவர்கள் தடுமாறினார்கள். ஒருவர் கைப்பேசி விளக்கைப் போட்டார். அதை அணைக்கச் சொன்னேன். முணுமுணுத்தார்கள். கண் பழகட்டும் என்று கொஞ்ச நேரம் நானும் ஒன்றும் செய்யாமல் நின்றேன். பிறகு அக்கா துருத்தியை மெதுவாக இயக்கினார். அடித்து முடித்திருந்த கத்தியை உலையில் வைத்தேன்.

கூட்டத்தில் முன்னால் நின்ற ஒரு தமிழ்ப் பெண்மணி, “அந்தக் காலத்துல பொம்பளைங்க இந்த வேலை செஞ்சாங்களா?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க,” என்றேன். “இப்ப நான் செய்றேன்.”

கத்தி இருட்டிலிருந்து மெல்லச் சிவந்து வந்தது. ரம்புத்தான் பழத்தின் தோல் போல ஒரு சிவப்பு. மெர்கோங்கில் நான் பார்த்துப் பழகியதை இப்போதுதான் இங்கே முதன்முறையாகப் பார்த்தேன்: அந்தச் சிவப்புக்குள் ஒரு நிழல் நகர்ந்தது. இரும்பு உள்ளுக்குள் மாறும்போது அப்படித் தெரியும். அந்த நிழல் கடைசிவரை போய் மறைந்ததும் வெளியே எடுத்துவிட வேண்டும். அதைக் கூட்டத்துக்குச் சொன்னேன். நீங்களும் பாருங்கள், நிழல் போனதும் சொல்லுங்கள் என்றேன். கேமராவைத் தூக்கியிருந்தவர்கள் இறக்கிவிட்டு நெருங்கி வந்தார்கள். துருத்தியின் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை.

“போயிருச்சு,” என்றார் அந்தப் பெண்மணி, பூசையில் பேசுவது போலத் தாழ்ந்த குரலில்.

நானும் அதைத்தான் பார்த்தேன். குறடால் எடுத்து எண்ணெயில் இறக்கினேன். எண்ணெய் குமுறி அடங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. அரம் வழுக்கியது. உலையின் ஓரச் சூட்டில் கத்தியை மறுபடி கொஞ்சம் இளக்கி, ஆறவிட்டு, விளிம்பைத் தீட்டி, கைப்பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டு வெயிலுக்கு வந்தேன். நட்டு வைத்திருந்த பச்சை மூங்கிலில் ஒரே வீச்சு. மேல் பாதி சரிந்து விழுந்தது. கத்தியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு நெளிவுகூட இல்லை. அதை ஏப்ரானில் துடைத்து, பார்க்க வந்தவர்களிடம் நீட்டினேன்.

கேன்வாஸ் அன்றைக்குப் பிறகும் அங்கேயே இருந்தது. சில வாரம் கழித்து புவான் அனுப்பிய ஆள்கள் வந்து கூரைத் தகடுகளுக்குக் கறுப்புச் சாயம் பூசினார்கள். எல்லாக் கத்தியும் தேறிவிடுவதில்லை. இன்றைக்கும் சில உடையும். உடைந்ததை வருகிறவர்கள் கையில் கொடுத்து, உள்ளே இரும்பு சூடு மீறிச் சர்க்கரை போலப் பொரிந்திருக்கிறதா, பட்டுப்போல இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். கத்தியைவிட அதை வெகுநேரம் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு.

போன மாதம் அக்கா தனக்கும் சம்மட்டி வேண்டும் என்று கேட்டார். உரமூட்டை தூக்கிய தோள். முதல் அடியே பட்டடையை அதிர வைத்தது. துருத்திக்கு ஆள் இல்லாமல் நாங்கள் விழித்தோம். அந்தப் பக்கமாக வந்த புவான் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, துருத்தியின் பிடியைப் பற்றி வேகவேகமாக இழுக்க ஆரம்பித்தார். தீப்பொறி கூரைக்குப் பறந்தது.

“மெதுவா, புவான்,” என்றேன்.

அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.