சுவருக்கு அந்தப் பக்கம் போன வார்த்தைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருப்பது வெறும் பலகைச் சுவர். அந்தப் பக்கம் தாளித்தால் இந்தப் பக்கம் தும்மல் வரும். என் நாற்காலியை ஒட்டி, அந்தச் சுவரில் சாயம் போன ஓர் இடம் இருக்கிறது. அடுத்த வீட்டிலிருந்து சித்தி இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் பதிலுக்குத் தட்டித் தட்டித் தேய்ந்த இடம் அது. தட்டியதும் அவள் குரல் வரும். “இன்னிக்கி என்னடா வார்த்தை?” அன்று படித்த ஆங்கில வார்த்தையைச் சொல்வேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள், அர்த்தம் கேட்பாள், பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கொழுந்து பறிக்கவே பிறந்தவள் போல மலையேறி இறங்கியவள். அம்மா போன பிறகு இந்த மலையில் எனக்கென்று இருந்த ஒரே சொந்தம், அம்மாவின் தங்கையான அவள்தான்.

தோட்டத்து ஆபிசில் நான் அப்போது கணக்கெழுதும் சின்னக் கிராணி. கோலாலம்பூரில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், கேட்டவர் சொன்ன ஒரு வார்த்தை புரியாமல் விழித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். அந்த அவமானத்தில், பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் செங்கல் கனத்தில் ஓர் அகராதி வாங்கினேன். நாளைக்குப் பத்துக் கடினமான வார்த்தைகள். நோட்டில் எழுதுவேன், மனப்பாடம் செய்வேன். கொஞ்ச நாளில் எளிய வார்த்தைகளை எழுதவே வெட்கமாகிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் போய் உட்கார்ந்தால், “டிக்ஷனரி வந்திருச்சி, இனி நமக்கு வெளங்காதுலா” என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். முதலில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு ஒரு நாள், சாயங்காலங்களில் என்னோடு பேச அந்தச் சுவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்பது உறைத்தது.

சித்திக்கு வயதாகி வேலையிலிருந்து நின்றாள். நின்றவர்கள் ஒரு மாதத்தில் வீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அவள் மகளோ பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வு முடிய ஆறு மாதம் இருந்தது. அதுவரை வீட்டை விட்டுவைத்தால் போதும், பிறகு மகளோடு ஈப்போவில் அண்ணன் முறையுள்ள ஒருவர் வீட்டுக்குப் போய்விடுவாள். “காலையில பெரட்டுல நின்னு தொரைகிட்ட நானே கேட்டுக்கறேன்டா” என்றாள். எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். விடிகாலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்தில், மானேஜர் முன்னால் போய் நின்று, வேண்டியதை வாய்விட்டுக் கேட்பார்கள். வெள்ளைக்காரர் போய் நம்மவர் வந்த பிறகும் அவர் எங்களுக்குத் துரைதான். நான் விடவில்லை. “வாயால கேட்டா மறந்துடுவாங்க சித்தி. எழுத்துல குடுக்கணும். நான் எழுதறேன்” என்றேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். இரக்கம் என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘மேக்னானிமிட்டி’ என்றும் ‘பெனிவலன்ஸ்’ என்றும் போட்டேன். நோட்டில் இருந்ததில் பாதியை அந்த இரண்டு பக்கத்தில் கொட்டிவிட்டேன். உண்மையைச் சொன்னால், சித்தியின் வீட்டைவிட என் ஆங்கிலத்தைத் துரை பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. சுவர் வழியாக வாசித்துக் காட்டினேன். “கோயில்ல மந்திரம் கேட்ட மாதிரி இருக்குடா” என்றாள். கீழே தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்துத் துரை என்னைக் கூப்பிட்டு, கோப்பில் வைக்கச் சொல்லி அந்தக் கடிதத்தை நீட்டினார். “லாயர் எழுதுன மாதிரி இருக்கு. பின்னால யாரோ நிக்கிறாங்க, நமக்கு ஏன் வம்புன்னு ஹெட் ஆபிசுக்கு அனுப்பிட்டேன். முடியாதுன்னுட்டாங்க. அந்தம்மா பெரட்டுல வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வுட்டிருப்பேன்லா.” எழுதியது நான்தான் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மறுபடி எழுதிக் கேட்டிருப்பார். “சரிங்க தொரை” என்று கடிதத்தை வாங்கிக்கொண்டேன். மாதக் கடைசியில் சித்தியின் சாமானை ஏற்ற லோரி வந்தது. அவள் மகள் ஈப்போவில் புதுப் பள்ளியில் ஒட்டாமல், தேர்வில் தேறாமல், ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

இப்போது நான் பெரிய கிராணி. கடிதம் எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களைப் பெரட்டுக்குப் போய் நேரில் கேட்கச் சொல்லி அனுப்பிவிடுகிறேன். சித்தி இருந்த வீட்டில் வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர். சாயங்காலம் மலையில் பனி இறங்கியதும் ஊருக்குப் போன் போட்டுப் பேசுவார்கள். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியாது.

போன வாரம் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவன், தாங்கமுடியாமல் ஈப்போவுக்குப் போன் போட்டேன். இத்தனை வருடம் சொல்லாததைச் சித்தியிடம் சொன்னேன். உன் வீடு என் கடிதத்தால்தான் போனது என்றேன்.

“தெரியும்டா. சாவி குடுக்கப் போனப்பவே தொரை சொன்னாரு. யாரு எழுதுனதுன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கல. உன் வேல போயிடும்லா.” கொஞ்சம் இருமிவிட்டு, “அத வுடு. இன்னிக்கி என்ன வார்த்தை?” என்றாள்.

அலமாரி நிறைய நோட்டுகள் இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. “மன்னிச்சிடு சித்தி” என்றேன்.

எதைச் சொன்னாலும் இரண்டு முறை திருப்பிச் சொல்கிறவள், அதை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை. பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் சாயம் போன இடத்தில் கை வைத்து, பழைய வழக்கம்போல இரண்டு தட்டுத் தட்டினேன். அந்தப் பக்கம் பேச்சு ஒரு நொடி நின்றது. பிறகு அவர்கள் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள்.