மற்றப் பக்கத்துக் கதிரை

சாவகச்சேரி வாகீசனை எங்கள் மனேச்சர் கனகலிங்கம் "எங்கடை குடும்பத்துப் பிள்ளை" என்றுதான் எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார். எவ்வளவு பெரிய மனம்! ஐந்து வருடமாக அந்தப் பிள்ளைக்கு நிரந்தர நியமனம் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார். கேட்டால், குடும்பத்துக்குள்ளே என்ன நிரந்தரம் என்று அவன் தோளில் தட்டுவார். நானும் அங்கே நாலு வருடமாகத் தற்காலிகம்தான். பொம்பிளைப் பிள்ளை என்பதால் எனக்குத் தட்டல் இல்லை, வெறும் சிரிப்பு.

வாகீசனுக்கு நிரந்தர நியமனம் என்பது சும்மா கடதாசி அல்ல. அரியாலைத் தக்சாயினியும் அவனும் கம்பஸ் காலத்திலிருந்து விரும்பியவர்கள். தக்சாயினியின் அப்பா மறுக்கவில்லை. தம்பி நிரந்தரமாகட்டும், நாள் வைப்பம் என்றார். சொல்லி மூன்று வருடமாகிவிட்டது. மனிதர் இப்போது வேறு சாதகங்களும் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

இப்படியிருக்க, கம்பஸில் வேலைக்கு ஆள் எடுக்கும் தொழிற்சந்தை வந்தது. போன வருடம் எங்கள் மென்பொருள் கம்பனியை ஒரு பட்டதாரிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே இளசுகளை எப்படிக் கவர்வது என்று மனேச்சர் கொழும்புக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். படித்ததன் பலனாக எங்கள் கூடாரத்தில் குந்தியிருக்க இரண்டு ஊதா மெத்தை மூட்டைகளும், "எங்கள் குடும்பத்தில் இணையுங்கள்" என்ற பெரிய பனரும் வந்து சேர்ந்தன. கூடவே வருகிறவர்கள் தின்ன றோல்ஸ். என் வேலை றோல்ஸ் கொடுப்பது. வாகீசனின் வேலை குடும்பத்தைப் பற்றிப் புழுகுவது.

பிள்ளைகள் வந்தார்கள், தின்றார்கள், மூட்டையில் குந்தியிருந்து செல்பி எடுத்தார்கள், போனார்கள். மகளைக் கூட்டிவந்த ஒரு தகப்பன் பனரை வாசித்துவிட்டு, மாப்பிள்ளை என்ன படித்தவர் என்று என்னிடம் கேட்டார். அவருக்கும் ஒரு றோல்ஸ் கொடுத்து அனுப்பினேன்.

மத்தியானம்போல கணினிப் பிரிவில் முதலாவதாக வந்த கரவெட்டிப் பிள்ளை கீர்த்திகா எங்கள் மேசைக்கு முன்னால் கிடந்த கதிரையில் வந்து இருந்தாள். பின்னால் அவளுடைய கூட்டாளிகள். மனேச்சருக்கு வாயெல்லாம் பல். மேசைப்பந்து, பிறந்தநாள் கேக் என்று வாகீசன் சொல்லி முடிக்கும்வரை அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணை, நீங்கள் நிரந்தரமோ?" என்றாள் பிறகு.

வாகீசன் மனேச்சரைப் பார்த்தான். மனேச்சர் பனரைப் பார்த்தார். ஒப்பந்தம் முடியிற நேரம், பொய் சொல்லித் துலையடா பாவி என்று மனதுக்குள் கத்தினேன்.

"இல்லைத் தங்கச்சி," என்றான். "அஞ்சு வருசமா இல்லை."

கீர்த்திகா பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். மனேச்சர் பாய்ந்து வந்து, அது வேறு கதை, பிள்ளைக்கு முதல் நாளே நிரந்தரம் என்றார். முதல் நாளே! எனக்கு வந்த விசருக்கு றோல்ஸ் தட்டை எறிந்திருப்பேன்.

வாகீசன் எறியவில்லை. கழுத்தில் தொங்கிய கம்பனி அட்டையைக் கழற்றி வைத்தான். மேசையைச் சுற்றி மற்றப் பக்கம் போய், அவள் விட்ட கதிரையில் இருந்தான்.

"சேர், நானும் இந்தக் கம்பஸ் பட்டதாரிதான். உங்கடை கம்பனியிலையே அஞ்சு வருச அனுபவம். எனக்கும் முதல் நாளே நிரந்தரமோ? எழுத்திலை தருவியளோ?"

கூட்டம் சிரித்தது. செல்பி எடுத்த கைத்தொலைபேசிகள் எல்லாம் மனேச்சர் பக்கம் திரும்பின. அவர் தொண்டையைச் செருமினார். ஓம், இன்றைக்கே கடிதம் தரலாம் என்றார். குடும்பமல்லவா என்று சேர்த்துக்கொள்ளவும் மறக்கவில்லை. வாகீசன் தொலைபேசியோடு மரத்தடிக்கு ஓடினான். வேறு எங்கே, அரியாலைக்குத்தான்.

அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. முதல் ஆள் கீர்த்திகா. றோல்ஸ் தட்டைக் கொஞ்சம் பிடியும் பிள்ளை என்று அவளிடம் கொடுத்துவிட்டு, அவளை முந்திக்கொண்டு நான் போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.