ஸ்டெல்லா அக்கா வீடு வரைக்கும் தண்ணீர்

ஆகாயத்தாமரை அழுகிய வாடை இருக்கிறதே... எத்தனை முறை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. அப்போதெல்லாம் என் ஞாயிற்றுக்கிழமை மதியச் சோறு அந்த வாடையோடுதான் இறங்கும்.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போனால் எங்கள் ஏரி. வாரமெல்லாம் சிறுசேரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாங்கள் கொஞ்சம் பேர், ஞாயிறு காலையில் இடுப்பளவு சேற்றில் இறங்கி அந்தச் செடியை இழுத்துக் கரையில் போடுவோம். அடுத்த வாரம் போனால் மறுபடியும் பச்சையாகக் கிடக்கும்.

எங்களுக்கு முன்னால் இறங்குகிறவர் ஸ்டெல்லா அக்கா. கரையோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். இதற்காகவே சர்ச்சுக்குச் சாயங்காலம் போவார்.

"இன்னா தம்பி, ஏசி ஒடம்பா? வேரோட இழு."

ராத்திரியோடு ராத்திரியாக லாரிகள் மண் கொட்டி ஏரியைத் தூர்க்க ஆரம்பித்தன. எல்லை அளந்து கல் நடுங்கள் என்று நாங்கள்தான் மனு கொடுத்தோம். முதல் கையெழுத்து அக்காவுடையது.

சர்வேயர் அளக்க வந்த அன்று டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். டேப் கரையேறி, அவர் வீட்டுப் பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் போனது.

"அடுப்பு ஏரியில கீதா? அப்போ இன்னிக்கு மீன் கொழம்புதான்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம்.

டேப் வாசற்படியையும் தாண்டிப் போனது. அங்கேதான் கல் நட்டார்கள்...

அவருக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். "அளக்கச் சொன்னதே நீங்கதானே சார்" என்றார் ஒருவர். ஏரிக்குள் மண் கொட்டி எழுப்பிய பெரிய காம்பவுண்டு சுவர் கோர்ட்டில் ஸ்டே வாங்கி இன்றைக்கும் நிற்கிறது. அக்கா வீடு ஒரே காலையில் போயிற்று. அவருக்கு எங்கோ தொலைவில், லிப்ட் ஓடாத கட்டடத்தில், ஏழாவது மாடி.

இப்போது ஏரி அழகாக இருக்கிறது. சேற்றில் யாரும் இறங்குவதில்லை. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் படம் மட்டும் வருகிறது. அக்கா வீடு இருந்த இடத்தில் நடைபாதையும் ஒரு சிமெண்ட் பெஞ்சும். அதில் உட்கார எனக்கு மனசு வந்ததில்லை.

மழை பெய்தால் அக்கா போன் செய்வார்.

"தம்பி, ஏரி ரொம்பிச்சா? எங்க வூடு வரைக்கும் தண்ணி வந்துச்சா?"

எந்த மழைக்கும் தண்ணீர் அந்தப் பெஞ்ச் பக்கம்கூட வந்ததில்லை. எங்கோ கீழேதான் நிற்கிறது.

"வந்துச்சுக்கா... உங்க அடுப்பு வரைக்கும் வந்துச்சு."



"சரி... அப்போ அது ஏரி எடந்தான்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார்.