ஆணியைச் சுற்றிய வழுக்கை

ஊரில் அவளுக்குப் பாறைக்காரி என்று பேர். கடல் உள்வாங்கினால் போதும், வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு அதுதான் உத்தியோகம். பாறையில் ஆணி அடித்துக் குறித்த அதே இடங்களில், நாள் தவறாமல் கம்பிச் சட்டத்தை வைத்து உள்ளே ஒட்டியிருக்கும் சிப்பிகளை எண்ண வேண்டும். கல்யாணமான புதிதில் தொடங்கியது. இப்போது மகளுக்கே கல்யாணமாகிவிட்டது.

"எந்தம்பிய ஒருநாளாவது இப்படி உத்துப் பாத்திருப்பியாடி?" என்று மூத்த நாத்தனார் சீண்டுவாள்.

"அவரு ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டு இருந்தாத்தானே அண்ணி!"

அந்த நாத்தனாருக்கும் பாறைதான் பிழைப்பு. சிப்பி பெயர்த்து விற்றுவந்தாள். போன வருஷம், சிப்பி அருகிக்கொண்டே வருகிறது என்று பாறைக்காரி எழுதிக் கொடுத்தாள். எடுப்பவர்களால்தான் என்று அதிகாரிகள் முடிவுகட்டி வேலி போட்டுவிட்டார்கள். நாத்தனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ உள்ளதத்தானே எழுதின" என்று சொல்லிவிட்டு ஒரு விடுதியில் பாத்திரம் தேய்க்கப் போனாள். திட்டியிருந்தாலாவது பாறைக்காரிக்கு மனசு ஆறியிருக்கும்.

ஒருநாள் ஓர் அலை வந்து சட்டத்தைப் பக்கத்துப் பாறைக்கு அடித்துக்கொண்டு போனது. எடுக்கப் போனால், அடேயப்பா, கால் வைக்க இடமில்லாமல் சிப்பி! நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். கரையிலிருந்து ஆணி வரைக்கும், ஆணியைச் சுற்றிலும் பாறை வழுக்கையாகக் கிடந்தது. ஓர் ஆள் நடக்கிற அகலம், மண்டி போடுகிற அகலம். குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தாள்.

இதை எழுதிக் கொடுத்தால் இத்தனை வருஷக் கணக்கும் பாழ். கொடுக்காவிட்டால் வேலி அப்படியே நிற்கும். நேரே விடுதிச் சமையலறைக்குப் போனாள்.

"சிப்பிய அழிச்சது நீங்க இல்ல அண்ணி. நான்தான். மிதிச்சே கொன்னிருக்கேன். நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

நாத்தனார் சோப்புக் கையோடு நின்றாள். "உன் ஆணிக்கிட்ட நான் ஒருநாளும் கால் வெச்சதில்லையேடி. உன் இடமாச்சேன்னு சுத்திக்கிட்டுத்தான் போவேன்."

பாறைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றிக்கொண்டு போனதைத் தினமும் கண்ணால் பார்த்தவள்தான் அவள். போன வருஷம் எழுதிக் கொடுத்ததில் அதை மட்டும் எழுதவே இல்லை.