காற்றுக்காரம்மா

"காத்து போச்சா?"

வார்டு வாசலில் நின்றே, கடைசிக் கட்டில்வரை கேட்கிற மாதிரிதான் கேட்பார் தலைமை நர்ஸ். வயிற்றில் அறுவை நடந்தவர்கள் படுத்திருக்கும் வார்டு. பார்க்க வந்தவர்கள் நெளிவார்கள். அவருக்கு அதைப் பற்றியெல்லாம் கவலையில்லை. அவருக்கு நோயாளிகள் வைத்திருக்கும் பெயர் காற்றுக்காரம்மா.

முன்கோபி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற உறவுக்காரர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "இங்க ஒப்பாரி வெக்காதீங்க. ஆபரேஷன்ல கை பட்டு குடல் அசையாம கெடக்கு. அவரு பயந்தா இன்னும் மொடங்கிக்கும்." குடலுக்கென்று சொந்தமாக நரம்பு உண்டு, டாக்டர் அதட்டினாலும் எழாது என்பார். அதை எழுப்ப அவரிடம் ஒரு தந்திரம் இருக்கிறது: சூயிங்கம். "மெல்லுங்க, முழுங்காதீங்க. சாப்பாடு வருதுன்னு குடல் ஏமாந்து முழிச்சுக்கும்." நரைத்த மீசைக்காரர்கள் வரிசையாகப் படுத்து அசைபோடுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். சிரித்தால் நமக்கும் திட்டு விழும்.

என் அக்காவின் கணவருக்குக் குடலில் ஒரு துண்டை வெட்டித் தைத்திருந்தார்கள். தையல் விட்டால் உயிருக்கே ஆபத்து. காற்றுப் பிரிந்தால்தான் குடல் முழித்துக்கொண்டது என்று அர்த்தம்; அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கேள்வி வந்தபோது என் அம்மா, அதாவது அவருடைய மாமியார், பக்கத்தில் நின்றிருந்தார். கேட்டதுமே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கம்பெனியில் நூறு பேரை மேய்க்கிற மாமா, வெட்கம் தாங்காமல் "ம்ம், போச்சு" என்று சொல்லிவைத்தார். சூப் வந்தது. மத்தியானத்துக்குள் வயிறு பானையாய் உப்பி, பச்சை பச்சையாய் வாந்தி. வயிற்றில் தேங்கியதை வெளியேற்ற, முந்தின நாள்தான் எடுத்த குழாய் மறுபடி மூக்கில்.

"வெக்கம் பெரிசா, உசுரு பெரிசா?" என்று குழாயைச் செருகிக்கொண்டே காய்ச்சினார் காற்றுக்காரம்மா. மாமாவை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க மூஞ்சிய திருப்பினதாலதான் அவரு பொய் சொன்னாரு. தையல் விட்டிருந்தா உங்க மகளுக்கு யாரு பதில் சொல்றது?" எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காற்றுக்காரம்மாமேல் அல்ல. உயிர் ஊசலாடும்போதும் மாப்பிள்ளை மரியாதை பார்க்கிற எங்கள் வீட்டின்மேல்.

குழாயை எடுத்த மறுநாள், வாசலிலிருந்து அதே கேள்வி. அம்மா இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. "போச்சு" என்றார் மாமா, வார்டுக்கே கேட்கும்படி.

"ஒரு தடவ நம்பினது போதும்" என்றபடி விறுவிறுவென்று வந்தார் காற்றுக்காரம்மா. போர்வையின் ஓரத்தைத் தூக்கினார். குனிந்து, மூக்கை உள்ளே விட்டு, நன்றாக முகர்ந்தார். பிறகுதான் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.